விரல் வைக்காத மூன்று தந்திகள்

ஆனந்தவல்லி வீட்டு வடை நன்றாகத்தான் இருந்தது. கம்சாயினிக்கு அதுவே முதல் எரிச்சல். பிடிக்காத மனிதர் வீட்டில் சாப்பாடாவது மோசமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பாதியில் எழுந்து போக ஒரு சாக்குக்கூடக் கிடைப்பதில்லை.

பக்குரங்கா பிளாசா என்ற கடைத்தொகுதிக்குப் பின்தெருவில் இரண்டு மாடி வீடு. வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரி முழுக்கக் கேடயங்கள். ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் மகன் பிருந்தனின் பெயர். வந்த ஐந்து நிமிடத்துக்குள் ஆனந்தவல்லி அவற்றை இடமிருந்து வலமாக விளக்கி முடித்துவிட்டு, வலமிருந்து இடமாகத் திரும்பத் தொடங்கியிருந்தார்.

கம்சாயினி கிளென் ஈடனில் டெய்ரி என்று இங்கே சொல்லும் ஒரு மூலைக்கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள். அதற்கு முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இடுப்பை அசைக்க முடியாது என்று டாக்டர் கடிதம் கொடுத்தவர்கள் கல்யாண வீட்டில் குத்தாட்டம் போடுவதை ஒளிந்திருந்து படம்பிடித்துப் பிடித்து, மனிதர்களைக் கண்டாலே முதலில் பொய்யைத் தேடும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. பக்கத்துச் சோபாவில் வடையை வளைத்துக் கட்டிக்கொண்டிருந்தவன் உதவியாளன் கதிர், திருச்சிக்காரன். ஐ.டி. வேலையில் இரண்டு தடவை ஆட்குறைப்பில் ரிடண்டன்ட் ஆனவன். வாய் மட்டும் ஒருமுறைகூட ரிடண்டன்ட் ஆனதில்லை.

"விசயத்துக்கு வாங்கோ அக்கா" என்றாள் கம்சாயினி.

விஷயம் இதுதான். நகரத்து ஓர்கன் இசை அறக்கட்டளை ஒன்று இருபது வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் போட்டி வைத்திருந்தது. 'பாக் யாரிடம் கற்றார்?' என்பது தலைப்பு. அந்த மகா இசையமைப்பாளரை உருவாக்கிய முன்னோர்களின் பாணியில் ஓர்கனுக்கு ஓர் இசை உருப்படி புதிதாக எழுதவேண்டும், கூடவே ஒரு சிறிய உரையும் நிகழ்த்தவேண்டும். வென்றவருக்கு வட ஜெர்மனியில், லூபெக் நகரில், ஒரு வருடப் படிப்பு. இறுதிச் சுற்றுக்கு வந்த உருப்படிகளில் இரண்டின் நடுப்பகுதி அச்சொட்டாக ஒன்றாக இருந்தது. ஒன்று பிருந்தனின் இணையக் கணக்கிலிருந்து போனது. மற்றது அபிதா என்ற பெண்ணின் கணக்கிலிருந்து. ஏவன்டேலில் இருக்கும் அவள் பிருந்தனோடு இளையோர் இசைக்குழுவில் வயலின் வாசிப்பவள். ஒத்திகைக்கு இந்த வீட்டுக்கும் வந்து போனவள். எழுதியவர் பெயர் உள்ள முகப்புத் தாளை நடுவர்கள் இன்னும் திறக்கவில்லை. திங்கட்கிழமை விசாரணையில்தான் திறப்பார்கள். திருடியது யாரென்று முடிவானால் அவருக்குப் போட்டியும் இல்லை, பல்கலைக்கழக இசைத்துறையில் இடமும் இல்லை.

"களவெடுத்தது அந்தப் பெட்டைதான். நீங்கள் விசாரிச்சு அதை எழுத்தில தந்தால் காணும்" என்றார் ஆனந்தவல்லி.

"ஆர் எடுத்தது எண்டு நான் தேட வேணுமோ, அவள்தான் எடுத்தவள் எண்டு எழுத வேணுமோ?"

"ரெண்டும் ஒண்டுதானே தங்கச்சி."

கதிருக்கு வடை புரையேறியது.

"தம்பி, நீங்களே சொல்லுங்களேன். இது எப்படி எழுதினீங்க?" என்று இருமலுக்கு நடுவில் அவன் பிருந்தனைக் கேட்டான்.

பத்தொன்பது வயதுப் பிருந்தன் வாயைத் திறப்பதற்குள் தாய் பதில் சொல்லிவிட்டார். "இரவு பகலாய் இருந்து எழுதினவன். அந்த ஸ்பீச்சைச் சொல்லிக் காட்டு தம்பி."

பிருந்தன் எழுந்து நின்று பாடமாக்கியதை ஒப்பித்தான். ஆங்கிலத்தில் அழகாகத்தான் பேசினான். சிறுவன் பாக் அண்ணன் வீட்டில் வளர்ந்தானாம். ஃப்ரோபெர்கர், கெர்ல், பாகெல்பெல் என்ற மூத்தவர்களின் இசை அடங்கிய புத்தகத்தை அண்ணன் அலுமாரிக்குள் பூட்டிவைத்திருந்தாராம். சிறுவன் கம்பி இடைவெளியால் கைவிட்டு அதை எடுத்து, நிலா வெளிச்சத்தில் மாதக்கணக்காகப் பிரதி செய்தானாம். பின்பு இளைஞனாகி, புக்ஸ்டஹூட என்ற கிழட்டு ஓர்கன் மேதையைக் கேட்பதற்காக நானூறு கிலோமீட்டர் நடந்தே லூபெக்குக்குப் போனானாம். விவால்டியின் வயலின் உருப்படிகளை ஓர்கனுக்கு மாற்றியே கட்டுமானம் பழகினானாம்.

அந்த நேரம் பதினாறு வயது மகள் பிரணவி தேநீர்த் தட்டோடு வந்தாள். தட்டை வைத்தாள், யாரையும் பார்க்காமல் திரும்பினாள்.

"இவவும் வாசிப்பாவோ?" என்று கம்சாயினி கேட்டாள்.

"முந்தி ஏதோ பழகினவ. இப்ப சோதினை, விட்டிட்டா. தம்பி, நீ வாசி."

மூலையில் இருந்த மின் ஓர்கனில் பிருந்தன் உட்கார்ந்தான். தொடக்கம் கம்பீரமாக இருந்தது. பெடல் பலகையில் இரண்டு கால்களும் ஓடித் திரிந்தன. நடுப்பகுதி வந்தது. ஏதோ ஒரு வெளிச்சம் அறைக்குள் வந்ததுபோல் கம்சாயினி நிமிர்ந்தாள். அவ்வளவு அழகு. அதே சமயம் சமையலறையில் யாரோ குழாயை முழுவேகத்தில் திறந்துவிட்டார்கள். நடுப்பகுதி முடிந்து கால்கள் மறுபடி பெடலுக்கு வந்தபோது குழாய் நின்றது.

"பாத்தீங்களே?" என்றார் ஆனந்தவல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

*

மறுநாள் ஞாயிறு காலை, ஏவன்டேல் நோக்கி மோட்டார்வேயில் கம்சாயினி காரோட்ட, கதிர் கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தான்.

"அவன்ர காலைக் கவனிச்சனீரோ?" என்றாள் அவள்.

"சாக்ஸ்ல ஓட்டை மேடம். பெருவிரல் வெளிய வந்து எல்லாருக்கும் வணக்கம் சொல்லிட்டிருந்துச்சு."

"அதில்லை. தொடக்கத்தில கால் ஓடித் திரிஞ்சுது. நடுவில வந்தோண்ணை மரக்கட்டை மாதிரி நிண்டிட்டுது. புக்ஸ்டஹூட எண்டால் பெடல். அந்தாளைப் போல எழுதிறன் எண்டு போட்டு, திறமான பகுதியில காலுக்கு ஒரு வேலையும் குடுக்காமல் விடுவினமோ?"

"நானூறு கிலோமீட்டர் நடந்திருக்காரு மேடம். கால் வலிக்காதா?"

"பகிடியை விடும். கையையும் யோசியும். ஒரு சுரத்துக்குக் கீழ கை இறங்கவே இல்லை. ஒருக்கால்கூட இறங்கேல்லை. அது வயலினில ஆகக் கீழ இருக்கிற தந்தியின்ர சுரம்."

கதிர் கைபேசியைக் கீழே வைத்தான். "அதுக்குக் கீழ வயலின்ல சுரமே கிடையாது. அப்போ அந்த நடுப்பகுதி ஓர்கன்ல பொறக்கல. வயலின்ல பொறந்து ஓர்கனுக்குத் தத்துப் போயிருக்கு."

"ஓம். பிருந்தனுக்கு வயலின் தெரியாது. அபிதாவுக்குத் தெரியும்."

"ஆக, நம்ம கிளையன்ட்தான் திருட்டுக் குடும்பம். திருடிட்டு, திருட்டுக் குடுத்தவளையே திருடின்னு எழுதித் தரச்சொல்லி நம்மளைக் கூப்பிட்டிருக்காங்க. வடை வேற குடுத்து."

"சீ" என்றாள் கம்சாயினி. நேற்றைய வடை எண்ணெய் இன்னும் நாக்கில் இருப்பதுபோல் இருந்தது. கண்ணாடியை இறக்கி வெளியே துப்பலாமா என்றுகூட நினைத்தாள். மோட்டார்வேயில் அது முடியாது.

"இன்னொண்ணு மேடம். அந்த நிலா வெளிச்சக் கதைய இப்பத்தான் படிச்சேன். பையன் முடிவை முழுங்கிட்டான். பாக் கஷ்டப்பட்டு எழுதின பிரதிய அண்ணன் கண்டுபுடிச்சுப் புடுங்கிட்டாராம். திருப்பிக் குடுக்கவே இல்லையாம். எல்லாத்தையும் ஒப்பிச்சவன் அந்த ஒரு வரிய மட்டும் ஏன் விட்டான்?"

அந்தக் கேள்வி கம்சாயினிக்குப் பிடித்திருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏவன்டேல் குதிரைப் பந்தயத் திடல் சந்தையில் உலகத்துக் கிழங்கெல்லாம் வந்து குவியும். டாரோக் கிழங்குக்கும் பாக் சோய்க் கீரைக்கும் நடுவில் சமோவாக்காரர்களும் சீனர்களும் நம்மவர்களும் முட்டிமோதிக்கொண்டு நடப்பார்கள். மீன் பெட்டிகளிலிருந்து வழிந்த தண்ணீர் கம்சாயினியின் புதுச் செருப்புக்குள் புகுந்தது. கதிர் கறிவேப்பிலை விலையைக் கேட்டுவிட்டு, தங்கக் கடைக்குள் தெரியாமல் நுழைந்தவன் மாதிரிப் பின்வாங்கினான்.

கொத்தமல்லிக் கடைக்குப் பக்கத்தில், திறந்த வயலின் பெட்டியை முன்னால் வைத்து, அபிதா வாசித்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வயது. கோவைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அம்மா கண்மணி மருத்துவமனையில் நர்ஸ். இவர்கள் யாரென்று சொன்னதும் வில் கீழே இறங்கியது.

"நான் திருடல மேம். அந்த ஆன்டி எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறாங்க. கோயில்ல எங்கம்மாவை யாரும் நிமிந்துகூடப் பாக்க மாட்டேங்குறாங்க."

அந்தப் பெண்ணின் கண் நிறைந்திருந்தது. கம்சாயினிக்குப் பக்குரங்கா வீட்டின் மேல் புதிதாக ஒரு வெறுப்பு பொங்கியது. குரலைத் தணித்தாள்.

"அழாதையும் பிள்ளை. அந்த நடுப்பகுதி எதில வைச்சு எழுதினது?"

"வயலின்லதான் மேம். எங்க வீட்டுல ஓர்கன் ஏது? வயலின்ல முழுசா எழுதிட்டு அப்புறம் ஓர்கனுக்கு மாத்தினேன். பாக் விவால்டியை மாத்தின மாதிரி."

கதிர் மெல்ல விசிலடித்தான். அவன் சொன்னதையே அவள் சொல்லிவிட்ட சந்தோஷம். கம்சாயினி, ஆனந்தவல்லி தந்திருந்த உருப்படியின் தாளை எடுத்து நீட்டினாள்.

"அப்ப ஒருக்கால் வாசிச்சுக் காட்டும். உம்மட பக்கம் நிண்டு நான் கதைக்க வேணும் எண்டால் அது என்ர காதில விழவேணும்."

அபிதா வாசித்தாள். நல்ல கை. கொத்தமல்லிக்காரி கத்துவதை நிறுத்தினாள். நடுப்பகுதி நேர்த்தியாக ஓடி வந்து, கடைசியில் மூன்று சுரங்கள் சேர்ந்து நெடுநேரம் நிற்கவேண்டிய இடத்துக்கு வந்தது. அங்கே கை தடுமாறியது. இரண்டு சுரம் ஒலித்தது. மூன்றாவதைப் பிடிக்கப் போனதும் இரண்டாவது செத்துப்போனது.

"மூண்டும் சேர்ந்து நிக்க வேணும் எண்டெல்லோ எழுதியிருக்கு? திரும்ப வாசியும்."

மறுபடியும் அதேதான். மூன்றாம் தரமும் அதேதான். அபிதாவின் நெற்றியில் வியர்வை. "அது ஓர்கனுக்கு எழுதினது மேம். வயலின்ல வராது."

"வயலினில வராததை வயலினில வைச்சு எப்பிடி எழுதினீர்?"

கம்சாயினி வயலினைக் கேட்டு வாங்கினாள். கவிழ்த்து வைத்திருந்த பழப்பெட்டியில் உட்கார்ந்து, வயலினின் நுனியைக் கணுக்கால்மேல் சாய்த்து, மறுபக்கத்தை நெஞ்சில் ஊன்றிக்கொண்டாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சிறுவயதில் ஆறு வருடம் அவளை இப்படித்தான் உட்காரவைத்திருந்தார்கள். அவள் அதை மனதார வெறுத்தாள். வெறுத்தாலும் மறக்கவில்லை.

"பாரும் கதிர். வெள்ளைக்காரர் பழக்குற வயலினில நாலு தந்தியும் நாலு வேற சுரம். இந்த மூண்டு சுரத்துக்கும் அதில இடம் குடுக்கக் கீழ ரெண்டு தந்திதான் இருக்கு. ரெண்டு கதிரையில மூண்டு பேர் இருக்கேலாது. இப்ப நான் மேல்தந்தி ரெண்டையும் கொஞ்சம் இளக்கிறன்."

பிரடைகளைத் திருகினாள். தந்திகள் முனகிக்கொண்டே இறங்கின. ச, ப, மறுபடி ச, ப.

"இது எங்கட கர்நாடக வயலின்ர சுருதி."

இடக்கையை எடுத்துவிட்டு வில்லை அழுத்தி ஒரே இழுப்பாக இழுத்தாள். மூன்று சுரமும் ஒன்றாக எழுந்தன. சந்தை இரைச்சலுக்கு மேலே அது நின்றது.

"விரலே வைக்கலியே மேடம்!"

"தேவையில்லை. மூண்டும் வெறும் தந்தி. வெள்ளைக்காரர் சுருதியில செய்யவே ஏலாத விசயம், இந்தச் சுருதியில விரல் வைக்காமலே வருது. இதை எழுதின கைக்குச் ச-ப-ச-ப மட்டும்தான் தெரியும்." அவள் அபிதாவைப் பார்த்தாள். "அது உம்மட கை இல்லை. பிருந்தன்ர கையும் இல்லை. அந்த வீட்டில ஆர் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில வயலின் பழகினது?"

முந்தி ஏதோ பழகினவ. ஆனந்தவல்லி நேற்றுச் சொன்னதும், சமையலறையில் குழாய் திறந்த சத்தமும் கம்சாயினியின் காதில் மறுபடி கேட்டன. தன் பாட்டை அண்ணன் வாசிப்பதைக் கேட்கமாட்டாமல் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்ற பிள்ளை.

அபிதா பெட்டியை மூடினாள். கண்ணில் இருந்த நீர் எங்கே போனதென்று தெரியவில்லை.

"பிரணவிதான் எழுதினா. அவ விவால்டி, புக்ஸ்டஹூட எல்லாத்தையும் தன் வயலின்ல வாசிச்சுப் பாத்து மாத்தி மாத்தி எழுதுவா. அவங்க வீட்டு கராஜ்ல. போட்டிக்கு அவளும் போடணும்னு ஆசைப்பட்டா. பதினெட்டுக்குக் கீழன்னா பேரன்ட்ஸ் சைன் வேணும். ஆன்டி முடியாதுன்னுட்டாங்க. இது அண்ணாவோட வருஷம்னுட்டாங்க. அதுக்கப்புறம் அவன் அதை எடுத்துத் தன்னோடதுல சொருகிட்டான். அவ அழுதுட்டே எங்கிட்டக் குடுத்து, உன் அக்கவுன்ட்ல போட்டுடுன்னா."

"நீர் உம்மட பேரைப் போட்டீர்."

"அவ பேரைப் போட்டா சைன் கேட்டு ரிஜெக்ட் பண்ணிருப்பாங்க மேம்."

"உம்மட பேரைப் போடுறது அவளுக்குத் தெரியுமோ?"

ஒரு கணம். "தெரியும். அவ ஓகேன்னுதான் சொன்னா." பிறகு, யாரும் கேட்காமலே, "எல்லாரும் எடுக்குறதுதானே மேம். பாக்கே எடுத்தார்" என்றாள்.

மீன் தண்ணீர் நாற்றமா, இந்தப் பேச்சா என்று கம்சாயினியால் பிரிக்க முடியவில்லை. இரண்டு நிமிடத்துக்கு முன்பு இவளுக்காக இரங்கியதை நினைக்கத் தன்மேலேயே ஒரு கசப்பு வந்தது.

"பாக் படிக்கிறதுக்கு எடுத்தவர். நீங்கள் ரெண்டு பேரும், எழுதினவளை அழிக்கிறதுக்கு எடுத்தனீங்கள். வயலினைப் பிடியும். மேல்தந்தியை நீரே திரும்ப இறுக்கும்."

கார்க் கதவைத் திறந்தபடி கதிர் சொன்னான். "ஒரு பாட்டு, ரெண்டு திருடங்க. எழுதினவளுக்கு மட்டும் தேநீர்த் தட்டு."

*

ஆனந்தவல்லி கதவைத் திறந்தபோது ஆட்டுக்கறி மணந்தது. "நல்ல நேரம் வந்தனீங்கள். இருங்கோ, சாப்பிட்டிட்டுக் கதைப்பம்."

"தண்ணிகூட வேண்டாம்." கம்சாயினி உட்காரவில்லை. "அக்கா, அந்த நடுப்பகுதி பிரணவியின்ர. உங்களுக்கு முதலே தெரியும், என்ன?"

பிருந்தன் ஓர்கன் நாற்காலியிலிருந்து எழுந்தான். தாய் அவனைக் கையமர்த்தினார். மறுப்பார், கத்துவார், நெஞ்சைப் பிடிப்பார் என்று கம்சாயினி எதிர்பார்த்திருந்தாள். இன்ஷூரன்ஸ் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனந்தவல்லி அதொன்றும் செய்யவில்லை. கறியின் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நிதானமாகப் பேசினார்.

"அவள் சும்மா கீச்சு மாச்செண்டு இழுத்துக்கொண்டு இருந்தது. இவன்தான் அதை ஆக்களுக்கு முன்னால வைக்கிற மாதிரி ஆக்கினவன். அண்ணனும் தங்கச்சியும்தானே. ஒரு வீட்டுச் சாமான். அவளுக்கு மெடிசின் கிடைக்கும், கெட்டிக்காரி. இவனுக்கு இதை விட்டால் என்ன இருக்கு?"

"அப்ப என்னை ஏன் கூப்பிட்டனீங்கள்?"

"வீட்டுக்குள்ள கிடந்தது எப்பிடி வெளியில போனது எண்டு எனக்குத் தெரியவேணும் தங்கச்சி. பிறத்தி ஒருத்தி வந்து எங்கட சாமானைத் தூக்கிக்கொண்டு போறதோ?"

இந்தப் பெண்ணுக்குக் களவு நடந்ததில் வருத்தமே இல்லை. களவெடுத்த பொருள் மறுபடி களவு போனதில்தான் கோபம். பெற்ற பிள்ளையின் கையைப் பிடித்து அதிலிருந்ததைப் பிடுங்கியவர், எவ்வளவு சாவதானமாக ஆட்டுக்கறிக்கு அடுப்பைக் குறைக்கிறார்!

"நான் பெடல் எல்லாம் போட்டனான்" என்றான் பிருந்தன். அந்த வீட்டில் அவனாகப் பேசிய முதல் வசனம். "எண்டிங் முழுக்க என்ர. தட்ஸ் ரியல் வேர்க்."

"சாக்ஸ் ஓட்டையும் நீங்களே போட்டதா தம்பி?" என்றான் கதிர். சிரிப்பில்லாமல் சொன்னான்.

மாடிப்படியில் சத்தம் கேட்டது. பிரணவி இறங்கி வந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. அழுவாள் என்று கம்சாயினி நினைத்தாள். ஆனால் பிள்ளையின் முகத்தில் பயம் இல்லை. ஒரு பரீட்சைக்கு விடை முன்கூட்டியே தெரிந்தவளின் அமைதி இருந்தது.

"இட்ஸ் ஓகே ஆன்டி. நீங்கள் கண்டுபிடிச்சது எனக்கு ஹாப்பி. ஆனா நாளைக்கு எல்லாருக்கும் தெரியத்தான் போகுது."

"என்ன தெரியப் போகுது?" என்றார் ஆனந்தவல்லி கூர்மையாக.

"அபிதாவோட என்ட்ரியில கவர் பேஜை ஓப்பன் பண்ணுவினம்தானே. அதில என்ட பேர் இருக்கு. அவ எனக்கு ப்ரொமிஸ் பண்ணினவ." பிரணவி சிரித்தாள். அந்த வீட்டில் கம்சாயினி பார்த்த முதல் உண்மையான சிரிப்பு. "அதுதான் நான் ஒண்டும் சொல்லாமல் இருந்தனான். த்ரீ வீக்ஸ். நேற்று அண்ணா வாசிக்கேக்கயும் ஒண்டும் சொல்லேல்ல."

கதிர் தலையைத் திருப்பி, கேடய அலுமாரியைப் பார்க்கத் தொடங்கினான்.

தெரியும், ஓகேன்னுதான் சொன்னா. அபிதா அதைச் சொல்லும்முன் எடுத்துக்கொண்ட ஒரு கணம் கம்சாயினிக்கு இப்போது புரிந்தது. அவள் வாழ்நாளெல்லாம் பொய்யைப் பிடித்துச் சம்பாதித்தவள். இன்றைக்கு முதன்முறையாக, ஒரு பொய்யை எடுத்து நீட்டலாமா என்று ஆசை வந்தது. ஆனால் திங்கட்கிழமை மண்டபத்தில், அத்தனை பேருக்கு முன்னால், அந்த முகப்புத் தாள் திறக்கும்போது இந்தச் சிரிப்பு எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தாள்.

"இல்லைப் பிள்ளை. அவ தன்ர பேரைத்தான் போட்டிருக்கிறா. என்னட்டைச் சொன்னவ."

பிரணவி படியிலேயே நின்றாள். கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்தன.

ஆனந்தவல்லிதான் முதலில் வாயைத் திறந்தார். "பாத்தியே? பிறத்தியாரை நம்பினால் இதுதான். அண்ணான்ர பேரில இருந்தாலாவது வீட்டுக்குள்ள இருக்கும்."

அதில் ஒரு ஆறுதல் தொனி இருந்தது. அதுதான் சகிக்கமுடியாததாக இருந்தது. தாய் மகளைத் தேற்றுகிறாளாம். கம்சாயினிக்கு அந்த அறையின் கறி வாசனை, கேடயங்களின் பளபளப்பு, பாலிஷ் போட்ட ஓர்கன், எல்லாமே பிசுபிசுவென்று தோலில் ஒட்டுவதுபோல் இருந்தது. இனி இந்தத் தெருப்பக்கமே காரைத் திருப்பக்கூடாது என்று தோன்றியது.

பிரணவி இறங்கினாள். யாரையும் தொடாமல் அறையைக் கடந்து கராஜ் கதவைத் திறந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது வயலின் பெட்டி கையில் இருந்தது.

"ஆன்டி, நாளைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவீங்களா?"

"அங்கை என்னெண்டு உன்னை விடுவினம்?" தாய் குறுக்கே வந்தார். "நான் சைன் வைக்கேல்லை. வைக்கவும் மாட்டன்."

"போட்டிக்குத்தான் அக்கா உங்கட சைன் வேணும். சாட்சி சொல்ல வாற ஆளுக்கு அவை சைன் கேக்கிறேல்லை" என்றாள் கம்சாயினி. பிறகு பிள்ளையிடம் திரும்பி, மறைக்காமல் சொன்னாள். "ஆனால் ஒண்டு. நீர் வந்து வாசிச்சுக் காட்டினால் ரெண்டு உருப்படியையும் தூக்கி எறிவினம். லூபெக் ஒருத்தருக்கும் இல்லை. உமக்கும் இல்லை."

"என்ட பேர்?"

"உம்மட பேரைச் சொல்லித்தான் தூக்கி எறிவினம்."

பிரணவி அண்ணன் பக்கம் திரும்பினாள். பிருந்தன் ஓர்கனுக்கு முன்னால், ஒரு கை விசைப்பலகையில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தான். அம்மாவைப் பார்த்தான்.

"அண்ணா" என்றாள் பிரணவி. "எண்டிங் உங்கட எண்டால் நீங்கள் வைச்சுக்கொள்ளுங்கோ. நடுவை நான் கொண்டு போறன்."

"நாளைக்கு முதல் உங்களுக்கு வாசிச்சுக் காட்டவேணும் ஆன்டி, நானும் வெளியில வாறன்" என்று கம்சாயினியிடம் சொல்லி, வாசலில் கிடந்த சப்பாத்துக் குவியலுக்குள் தன்னுடையதைத் தேடி எடுத்து மாட்டினாள்.